அந்தப் படகை ஜிம்தான் தள்ள வேண்டும்

ஆசிரியருக்கு,

பாடசாலை விடுமுறையில் சிறுவர்கள் பார்க்கலாம் என்று நீங்கள் போட்டிருந்த படப் பட்டியலை வெட்டி வைத்திருக்கிறேன். பழைய சாகச நாவல்களில் இருந்து வந்த படங்களைத் தேடிச் சேர்த்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் கதையை மாற்றாமல் எடுத்தால்தான் நல்ல படம் என்று அதில் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டியலில் இருந்த 'புதையல் தீவு' படத்தையே எடுப்போம். டிஸ்னி 1950 இல் எடுத்தது. ஸ்டீவன்சனின் நாவலில், கடைசியில் கடற்கொள்ளையன் சில்வர் ஒரு மூட்டைக் காசோடு கப்பலில் இருந்து நழுவிவிடுகிறான், அவனைப் போகவிட்டது தீவில் தனியே விடப்பட்டிருந்த பென் கன், கதையை நமக்குச் சொல்கிற சிறுவன் ஜிம் அந்த நேரம் கப்பலிலேயே இல்லை. படத்தில் அப்படி இல்லை. சில்வர் தப்பப் போகிற படகு மணலில் தட்டி நிற்கிறது, துவக்கை ஜிம்முக்கு நேரே நீட்டுகிறான், சுட மனம் வரவில்லை, அதைப் பார்த்துவிட்டு ஜிம்மே வந்து படகைத் தள்ளிவிடுகிறான். என் மகன் சோற்றுக் கோப்பையில் வைத்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன்மா தள்ளிவிட்டவன், அவன் கள்ளன்தானே?" என்று கேட்டான். படுக்கப் போகும்போதும் அதையே கேட்டான். நாவலில் இல்லாத காட்சிதான், ஆனால் முடிவை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்த காட்சி. அப்பிள் பீப்பாய்க்குள் இருந்து கொள்ளையரின் சதியைக் கேட்ட பொடியன் அல்லவா அவன், அந்தப் படகை வேறு யார் தள்ளினாலும் எனக்கு ஒத்துவந்திராது.

இதற்கு நேர் எதிராக 2016 இல் வந்த 'ஸ்வாலோஸ் அன்ட் அமேசன்ஸ்'. ஆர்தர் ரான்சம் 1930 இல் எழுதிய நாவலில் நான்கு பிள்ளைகள் பாய்ப்படகில் ஒரு ஏரித் தீவுக்குப் போய், கூடாரம் அடித்து, தாங்களே சமைத்து, இருட்டில் படகு ஓட்டி, எதிர்க் கூட்டத்துப் பிள்ளைகளின் படகைப் பிடிக்கிறார்கள். சாகசம் என்றால் அவ்வளவும்தான், அதுவே போதும். இந்தப் படத்தில் ரஷ்ய உளவாளிகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பெரியவர்களின் துரத்தல் வந்த பிறகு பிள்ளைகளின் காற்றும் பாயும் அடுப்பும் ஓரமாகப் போய்விடுகின்றன. மகனும் அந்தப் பாதியில் எழுந்து விளையாடப் போய்விட்டான். 1974 இல் எடுத்த படத்தில் உளவாளிகள் யாரும் இல்லை.

அப்புறம், நம்முடைய நாட்டுப் படம் ஒன்று உங்கள் பட்டியலில் இல்லாதது எனக்குப் பெரிய குறை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ' 1947 இல் வந்த நாவல், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதை 1976 இல் படமாக்கினார். உபாலியும் ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடி, ஆளில்லாத ஒரு தீவில் காடு வெட்டித் தோட்டம் செய்கிற கதை. மடொல் தூவ என்றால் கண்ணாத் தீவு, அதாவது அலையாத்தி மரத் தீவு என்றுதான் அர்த்தம். குறுமண்வெளியில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில் ஏறி மண்டூருக்குப் போகிறபோது கண்ணா மரங்களுக்குள் தோணியை ஒளித்துவிட்டு நண்டு தேடுகிற பொடியன்களைப் பார்க்கிற எனக்கு அது தெற்கில் நடந்த கதை என்றே தோன்றவில்லை. சிங்களம் விளங்காத எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தோடு அதைப் பாடசாலைகளில் காட்டினால் எவ்வளவு நல்லது. மட்டக்களப்பில் குறும்படம் எடுக்கிற தம்பிமாரும் தங்கைமாரும் இந்த வாவியை வைத்து, துவக்கும் துரத்தலும் இல்லாமல், ஒரு தோணியும் நாலு பிள்ளைகளுமாக ஒரு படம் எடுத்துத் தரட்டும்.

அடுத்த பட்டியலில் 'மடொல் தூவ'வைச் சேருங்கள். நாவல் தமிழிலும் வந்திருக்கிறது. அது இப்போது எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு வரி போட்டீர்கள் என்றால், விடுமுறை முடிவதற்கு முன் மகனுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

ஒரு வாசகி,
குறுமண்வெளி, மட்டக்களப்பு