மூன்றாவது சிலிண்டர்

அன்புள்ள அம்மிணிக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பழைய பத்மினி கார் ஓடுவதை வீடியோவில் பார்த்துக் கைதட்டினாயே, அதற்கு மறுநாள் காலையில் நடந்ததை உன்னிடம் நான் சொல்லவில்லை. நீ கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்குது" என்று மழுப்பிவிட்டேன். உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது சரியாகிவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

2019 தீபாவளிக்கு அப்புறம் தோட்டத்துச் சாளையில் நிறுத்திய வண்டி. ஆறு வருடம். தார்ப்பாயை எடுத்தபோது ஏர் கிளீனருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. தேங்காய் நாரும் உன் பழைய ஸ்கூல் நோட்டின் காகிதமும் உள்ளே இருந்தன. அதைச் சுத்தம் செய்தேன். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் டாப் கியரில் போட்டு, நானும் பக்கத்துத் தோட்டத்துப் பையனும் பின்னாலிருந்து தள்ளினோம். என்ஜின் இறுகியிருக்கவில்லை, லேசாகச் சுற்றியது. புது பேட்டரி மாட்டினேன். பிளக்கில் பொறி வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கிற பாயிண்ட் இரண்டும் சாம்பல் பூத்துக் கிடந்தன. எமரித் தாளால் மெல்லத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுத்தேன். பொறி வந்துவிட்டது.

இதுவரைக்கும் எல்லாம் முறையாகத்தான் செய்தேன். டேங்க்கில் கிடந்த பெட்ரோலில்தான் புத்தி போய்விட்டது. பழைய பெட்ரோலை வடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூடியைத் திறந்ததுமே வார்னிஷ் வாடை அடித்தது. ஆனால் மெல்போர்னில் உனக்குப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, நீ வேறு லைனில் காத்திருந்தாய். சரி, ஒரு பத்து நிமிடம்தானே என்று சாவியைத் திருப்பிவிட்டேன். நீ பார்த்தது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆனது, ஆனால் வண்டி மொத்தமும் உதறியது. ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடுகிற ஐடிலிங் நிலைக்கவில்லை. ஆக்சிலேட்டர் கொடுத்தால் கொஞ்சம் சமாளித்தது. நடுநடுவே கார்புரேட்டர் வழியாக "புஸ்" என்று திருப்பித் துப்பியது. டவுனில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவர் பானெட்டைத் திறந்தபடியே, "கார்புரேட்டர் போச்சுங்க, புதுசு போடணும்" என்றார். காயில், பிளக், ஒயர் எல்லாம் சேர்த்து ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்தார். மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்றதும் சாமான் மாற்றத் தொடங்குகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் எதை மாற்றுவது? மில்லில் ஸ்பின்னிங் மெஷின் நின்றால் நாங்கள் முதலில் எந்த இடத்தில் நின்றது என்றுதான் பார்ப்போம். அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.

முதலில் கார்புரேட்டரை ஒருமுறை கழுவிவிடலாம் என்று திறந்தேன், ஏனென்றால் அவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெல்லப்பாகு மாதிரி பிசின். ஐடிலிங் ஜெட் அடைத்தே போயிருந்தது. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அதனால் தூண்டில் நரம்பை விட்டு எடுத்து, காற்றடித்தேன். பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்துப் புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றினேன். உதறல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்ற வேண்டும், காய்ந்த துணி சுற்றிய பிளையரால். நல்ல சிலிண்டரின் ஒயரை எடுத்தால் என்ஜின் இன்னும் தடுமாறும். செத்த சிலிண்டரில் ஒரு மாற்றமும் இருக்காது. ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணினால் முதலாவது தடுமாறியது, இரண்டாவது தடுமாறியது. மூன்றாவதை எடுத்தேன், அசையவே இல்லை. நான்காவது தடுமாறியது. (உன் புது வண்டியில் இதைச் செய்து பார்த்துவிடாதே. இது பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்குச் செய்கிற வைத்தியம்.)

மூன்றாவது பிளக்கையும் முதலாவதையும் இடம் மாற்றினேன். அப்போதும் மூன்றாவதுதான் செத்துக் கிடந்தது. மூன்றாவது ஒயருக்குப் பதில் வேறொன்றை மாட்டினேன். அப்போதும் அதேதான். பொறி நன்றாக நீலமாக வந்தது. ஆக கரண்ட் பக்கம் குற்றமில்லை. கார்புரேட்டர் நான்கு சிலிண்டருக்கும் பொது. ஒன்று மட்டும் சாவதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மில்லில் என்னோடு ஃபிட்டராக இருந்தவரிடம் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கருவி) இருக்கிறது, இரவல் வாங்கி வந்தேன். முதல் சிலிண்டர் 125, இரண்டாவது 120, மூன்றாவது 55, நான்காவது 120. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து முள் ஏறும். ஏறவில்லை, அதே 55. அப்படியானால் காற்று வால்வு வழியாகத்தான் போகிறது. கார்புரேட்டரில் திருப்பித் துப்பியது நினைவுக்கு வந்தது. பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடுகிற இன்லெட் வால்வு மூடாவிட்டால் உள்ளே எரிவது வந்த வழியேதானே திரும்பும்? அந்தச் சத்தம் முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் காதில் வாங்கவில்லை.

என்ஜின் மேலே இருக்கிற டேப்பட் கவரைத் திறந்து, பக்கத்துத் தோட்டத்துப் பையனைக் கையால் என்ஜினைச் சுற்றச் சொல்லிப் பார்த்தேன். வால்வை அழுத்தித் திறக்கிற எட்டு ராக்கரில் ஏழு ஒழுங்காக ஏறி இறங்கின. மூன்றாவது சிலிண்டரின் இன்லெட் ராக்கர் மட்டும் விரலால் ஆட்டினால் தொளதொளவென்று ஆடியது. கீழே இருக்கிற வால்வு லேசாகத் திறந்தபடியே நின்றுவிட்டது, ஸ்பிரிங்குக்கும் அதை மேலே இழுக்கத் தெம்பில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் பழைய பெட்ரோலின் பிசின் சூட்டில் இளகி வால்வுத் தண்டில் ஏறியிருக்கிறது. ராத்திரி என்ஜின் ஆறியதும் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டது. உன்னிடம் வண்டியைக் காட்டும் ஆசையில் நானே ஒட்டி வைத்த கோந்து அது.

நல்ல வேளை, ராக்கரைத் தள்ளுகிற புஷ் ராட் வளையவில்லை. அதை எடுத்து உங்கம்மாவின் கிரானைட் மேடையில் உருட்டிப் பார்த்தேன், பென்சில் மாதிரி நேராக உருண்டது. (சமையல் மேடையில் கிரீஸ் பட்டதற்கு இரண்டு நாள் வசவு.) பிறகு வால்வுத் தண்டில் துரு நீக்கும் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஸ்டன் மேலே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டினேன். கொஞ்சம் இறங்கியது, ஏறவில்லை. மறுபடி ஆயில், மறுபடி தட்டல். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், "டக்" என்று ஒரு சத்தம். வால்வு தானாக மேலே போய் உட்கார்ந்தது. தள்ளிப் பார்த்தேன், மறுபடி டக். உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா கூப்பிட்டீங்க?" என்று போய்விட்டாள்.

இப்போது மூன்றாவதில் 115 காட்டுகிறது. ஐடிலிங்கில் பானெட் மேல் வைத்த டம்ளர் தண்ணீர் சிந்துவதில்லை. பெட்ரோல் ஓஸையும் மாற்றிவிட்டேன். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அது ஊற வைத்துக் கெடுத்துவிடும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் பெட்ரோலை நாள்கணக்கில் தேங்க விடப் போவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை பொள்ளாச்சி வரை போய் வருகிறேன். சாளையிலேயே இரண்டு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினால் என்ஜின் சூடேறாது, சைலன்சருக்குள் தண்ணீர்தான் சேரும். எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலையும் முடிந்துவிட்டது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை.

பொங்கலுக்கு நீ வரும்போது ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கிற கியர் மறந்திருக்கும், முதல் நாள் நம் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டு. டிரைவர் பக்கத்து ஜன்னல் மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. கைப்பிடி கரகரவென்று சுற்றுகிறது, கண்ணாடி அசைய மாட்டேன் என்கிறது. கதவைப் பிரிக்க ஆள் வேண்டும். நீ வந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

அன்புடன்
அப்பா