தம்புராவுக்குத் தந்தி வேண்டுமா?

அம்மாடி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. நீ அனுப்பின வீடியோவைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன், அந்தக் குப்பத்துப் பையன் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை பாடிக்கொண்டே தொடையில் ஆதி தாளம் போடுகிறானே, வேகமான மூன்றாம் காலத்தில்கூட ஓர் எண்ணிக்கை நழுவவில்லை. நல்ல கை. விட்டுவிடாதே. கடைசியில் நீ பேசுவதும் கேட்டது, தொண்டை கம்மியிருந்தது. வெந்நீர் குடி. முப்பது பிள்ளைகளுக்கு மேல் கத்திப் பேசாதே, ஒரு மைக் வாங்கிக்கொள்.

தம்புராவுக்குத் தந்தி வேண்டுமா? தஞ்சாவூர் போகிற வேலை இருக்கிறது, வாங்கி அனுப்புகிறேன். பொங்கலுக்கு வந்தபோது உறையைக்கூட நீ பிரிக்கவில்லை, அதனால் கேட்டேன்.

2015-ல் சென்னையில் அந்த மீனவர் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் முதல் இசை விழா நடந்தபோது நீ நாற்காலி போட ஓடினாய், நான் போனில் சத்தம் போட்டேன். இன்று நாலு மாநகராட்சிப் பள்ளியில் வகுப்பு, அத்தனை டீச்சருக்கும் நீதான் தலைவி என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டேன். ஆனால் போன் பண்ணினால் மீட்டிங் என்கிறாய், கணக்கு என்கிறாய். மார்கழியில் ஒரு சபாவில்கூட உன் பேர் இல்லை. அத்தனை வருஷம் கற்றது ரசீது எழுதத்தானா?

தினமும் காலையில் ஆற்றங்கரைக்குப் போகும்போது, தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருக்கும் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளிடம் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன். சமாதி இருந்த இடம் பாழடைந்து கிடந்தது, தன் காசில் நிலம் வாங்கிக் கோயில் எழுப்பி 1925-ல் கும்பாபிஷேகம் பண்ணினவர் அவர். அப்புறமும் தியாகராஜருக்கு வருஷாவருஷம் பாடி நடத்துகிற ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அந்த அம்மாள் பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஆராதனை நடத்தினார். 1941-ல்தான் எல்லோரும் ஒன்றானார்கள். நிலம், வழக்கு, வசூல், சங்கம், அத்தனையும் அவர் தலையில்தான். இருந்தும் பாட்டை விடவில்லை அம்மாடி. வெந்நீர் குடி.

இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. பெண்கள் பாடினால் மிருதங்கம் வாசிப்பதில்லை என்று இருந்தவன் நான். அந்தக் காலத்தில் பெரிய வித்வான்களே அப்படி இருந்தார்கள், சுருதி உசரம் என்பார்கள், நானும் அதையே சொல்லிக்கொண்டேன். உனக்குப் பதினாலு வயசில் முதல் கச்சேரி, அப்பாதான் வாசிக்கணும் என்றாய். எனக்கு நகச்சுற்று என்றேன். நீ எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு, விதையெல்லாம் எடுத்து, என் ஆள்காட்டி விரலில் செருகிவிட்டு, எரிகிறதா அப்பா என்று ஊதினாய். அந்தப் பழத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து நீ பாடினதைக் கேட்டேன். வேறொரு பையன் வாசித்தான். கல்யாணியில் நிரவலின்போது என்னைத்தான் தேடினாய், நான் குனிந்துகொண்டேன்.

விரலில் ஒன்றுமே இல்லை.

அம்மாவுக்குக்கூட இது தெரியாது. நீ மேடையை விட்டு ஒதுங்கினதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, உனக்கு உன் காரணம் இருக்கும். தொண்டையில் ஏதாவது என்றால் டாக்டரிடம் காட்டு, நான் கூட வருகிறேன். பயந்துகொண்டு தள்ளிப்போடாதே.

போன வாரம் பெண் குரலுக்குச் சேருகிற ஐந்து கட்டைச் சுருதியில் மிருதங்கம் ஒன்று வாங்கினேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சுருதிக்கு நம் வீட்டில் வாத்தியமே இருந்ததில்லை. வார் இன்னும் புதுசு, தினம் இழுத்துக் கட்டவேண்டியிருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ஒட்ட ரவை பிசைய அம்மாவிடம் கேட்டால், யாருக்கு வாசிக்கப்போகிறீர்கள் என்கிறாள்.

ஆராதனைக்கு வா. எந்த பஸ் என்று மட்டும் சொல், நான் வந்து நிற்கிறேன். தம்புராவையும் எடுத்துவா, தந்தி நான் மாற்றித் தருகிறேன்.

அப்பா