பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டாம்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பெற்றோருக்கும் வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

படிப்பு முடித்து அங்கேயே வேலை பார்க்கும் விசாவுக்குப் பட்டச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறீர்கள். ஆஸ்திரேலியாவின் 485 விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிப்பு நிறைவுக் கடிதமும் மதிப்பெண் பட்டியலும் போதும். ஆனால் கடிதத்தை வரிவரியாகப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா (நம்ம ஊர் இனிஷியல் தகராறு இங்கேதான் தலைதூக்கும்), படிப்பின் பெயர் சரியா, படிப்பு நிறைவான தேதி இருக்கிறதா? விசாவுக்கு விண்ணப்பிக்கும் 6 மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும், கவுன் போட்டுப் போட்டோ எடுக்கும் நாளிலிருந்து அல்ல. ‘விரைவில் முடிப்பார்’ என்று எழுதிய கடிதம் உதவாது.

கனடாவுக்கும் கடிதம், மதிப்பெண் பட்டியல் இரண்டும் வேண்டும்; கெடு 180 நாள். பிரிட்டன் வேறு கதை. படிப்பு முடிந்தது என்று பல்கலைக்கழகமே அந்நாட்டு உள்துறைக்குத் தகவல் கொடுக்கும். அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டு, மாணவர் விசா தீருமுன், அங்கே இருக்கும்போதே விண்ணப்பியுங்கள்.

அப்புறம், கடிதத்தைக் குழுவில் போடாதீர்கள். மாணவர் எண், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். சந்தேகம் என்றால் அட்மினுக்குத் தனியாக எழுதுங்கள்.