நெசுக்கோ பேசக் கூடாதாம்

பினாங்கு,
ஞாயிறு இரவு

அன்புள்ள வாத்து,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. இவருக்கு பாயான் லெப்பாஸில் மறுபடியும் இரவு வேலை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாய், அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயம். உன் அண்ணன் மகன் சைபர்ஜெயாவில் அனிமேஷன் படிக்கிறான் இல்லையா, அவன் காதுக்குப் போக வேண்டியது.

போன வாரம் சின்னவளைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போனேன். வாயில் ஒரு பச்சைப் பென்சிலைக் குறுக்கே கடித்து, தலை ரிப்பனால் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு வருகிறாள். என்னடி இது என்றால் "ம்ம்" என்கிறாள். காரில் ஏறிய பிறகுதான் அவிழ்த்தாள். உதட்டோரம் இரண்டு பக்கமும் சிவந்து கிடந்தது. ஓய்வு நேரத்தில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானியப் பொம்மைப் படத்தை வைத்து விளையாட்டாம். பையன்கள் ஆளுக்கொரு வாள்வீரன். இவள் நெசுக்கோ. நெசுக்கோ பேசக் கூடாதாம்.

உனக்குக் கதை தெரியாது. அரக்கியாகிவிட்ட தங்கை யாரையும் கடித்துவிடாமல் இருக்க வாயில் மூங்கில் கட்டிவிடுகிறார்கள். அண்ணன் அவளைப் பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமந்து போகிறான். அவள் ஒன்றும் நோஞ்சான் இல்லை, ஓர் உதையில் அரக்கனின் தலையையே பறக்கவிடுவாள். ஆனால் பேச்சு? வெறும் முனகல்தான். அவள் வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லக் கேட்க வெகுதூரம் போக வேண்டும்.

பொம்மைப் படத்துக்கா இத்தனை கவலை என்பாய். நீ அப்படிச் சொல்லக் கூடாது. நாம் சின்னதில் பார்த்த சைலர் மூன் பொம்மைப் படத்தை வைத்து விளையாடும்போது ஜூப்பிட்டர்தான் வேண்டும் என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தவள் நீ. அதில் ஐந்து பெண்கள். அழுமூஞ்சி ஒருத்தி, படிப்பாளி ஒருத்தி, கோபக்காரி ஒருத்தி. நமக்குத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தது. என் மகளுக்கு அந்த விளையாட்டில் கிடைத்தது ஒரே ஒரு பெண், அவளுக்கும் வாய்ப்பூட்டு.

மனசு கேட்காமல் தேடிப் படித்தேன். அப்போதுதான் இது கிடைத்தது, கேள். டிராகன் பால் பொம்மைப் படத்தின் நாயகன் கோகு இருக்கிறானே, அத்தனை சதையோடு கத்துகிறவன், அவனுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுப்பவர் மசாகோ நொசாவா என்ற பெண்மணி. 1936இல் பிறந்தவர். 1986இல் தொடங்கி 2024இல் வந்த தொடர்வரை அவர்தான். இதே மாதிரி வேறு படங்களின் பையன்கள், ஒன் பீஸ் லூஃபிக்கு 1999 முதல் மயூமி தனாக்கா, நருட்டோவுக்கு ஜுன்கோ தக்கேயூச்சி. எல்லாரும் பெண்கள். பையன்களுக்குக் குரல் உடைந்துவிடும், பெண் பேசினால் வருஷக்கணக்கில் அதே சிறுவன் குரல் நிற்கும்.

ஜப்பான் வரை ஏன் போக வேண்டும்? 2007இல் நம் மலேசியப் பொம்மைப் படம் உப்பின் இப்பின் வந்தபோது அந்த இரட்டையர் இருவருக்கும் பேசியது நூர் ஃபத்தியா டியாஸ் என்ற சிறுமி. 2011இல் வந்த இன்னொரு மலேசியப் படத்தின் நாயகன் போபோய்போய்க்கும் அவளேதான். இந்த நாட்டுப் பிள்ளைகள் கொண்டாடும் பையன்களின் குரலே ஒரு பெண் பிள்ளையின் குரல்!

மகளிடம் சொன்னேன். நம்பவில்லை. கண்ணை மூடச் சொல்லி உப்பின் பேசுவதைக் கேட்க வைத்தேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். அப்புறம், "அப்ப நெசுக்கோவுக்கு யாரும்மா பேசுறா?" என்றாள். அக்காரி கீத்தோ என்று இன்னொரு பெண். தேர்ந்த குரல் கலைஞர். அவருக்குக் கிடைத்த வேலை அத்தியாயம் அத்தியாயமாக முனகுவது. இதை எப்படிப் பிள்ளைக்கு நியாயப்படுத்துவது, சொல்.

மறுநாளும் அவள் நெசுக்கோதான். அந்த உதை பிடித்திருக்கிறதாம். நான் தடுக்கவில்லை, ரிப்பனை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன்.

நம் ஊர்ப் படங்களிலும் குறை இல்லாமல் இல்லை. போபோய்போயில் யாயா புவியீர்ப்பையே ஆட்டி வைக்கிறாள். தலையில் துடுங், அதுதான் முக்காடு, போட்ட பெண்ணை அப்படிக் காட்டியது பெரிய விஷயம், மனசாரச் சொல்கிறேன். ஆனாலும் அவள் சுட்ட பிஸ்கட்டை யாராலும் தின்ன முடியாது என்பதை எத்தனை தடவை சிரிப்பாக்குவார்கள்? அதே படத்தில் வரும் கோபாலைப் பற்றி நீ திட்டியதெல்லாம் நினைவிருக்கிறது. பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டு ராமன், எதையும் தின்பண்டமாக்கும் சக்தி. நீ திட்டியது சரிதான். ஆனால் தமிழ்ப் பையனுக்கு அதுவாவது கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பெண் எங்கே? உப்பின் இப்பினில் தேவி இருக்கிறாள், அதில் வரும் பையன் ராஜு அளவுக்கு அவள் பெயர் எந்தப் பிள்ளையின் வாயிலும் வருவதில்லை.

அதனால் உன் அண்ணன் மகனிடம் கேள். கடைசி வருஷப் படத்துக்கு என்ன வரையப் போகிறான்? ரோபோ, வாள் எதுவானாலும் சரி, நம்ம ஊர் தமிழ்ப் பெண் பிள்ளை ஒருத்தி அதில் வாயாடியாக இருக்கட்டும். சண்டை போடட்டும், தப்பும் செய்யட்டும். குரல் வேண்டுமென்றால் என் மகள் தயார், காசு வேண்டாம். அவன் நம்பரை எனக்கு அனுப்பு, நானே பேசுகிறேன். பள்ளி விடுமுறைக்குள் சொன்னால் அவளை அழைத்துக்கொண்டு ரயிலில் வந்துவிடுவேன், செந்தூலில் உன் வீட்டில்தான் தங்கல்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கொக்கு