தேனீப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய ஏழு நிமிடக் குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். பின்னால் மழைச் சத்தம். நடுவில் அப்பா வந்து புகைப்பானை எங்கே வைத்தாய் என்று கேட்கிறார். அதையெல்லாம் வெட்டாமல் அப்படியே அனுப்பியிருந்தாய். கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, தேனீ வளர்ப்பு பாட்காஸ்ட்டில் 74 எபிசோட் போட்டாச்சு. 600 பேருக்கு மேல் கேட்பதில்லை. தேனீயை விட்டுவிட்டு மொத்த விவசாயத்துக்கும் மாற்றினால் கூட்டம் வரும், விளம்பரம் வரும் என்கிறார்கள். மாற்றட்டுமா, இல்லை நிறுத்திவிடட்டுமா?"

இதே கேள்வியோடு இன்னும் இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அதனால்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

மாற்றாதே. நிறுத்தவும் செய்யாதே. ஆனால் விளம்பரத்தை நம்பி உட்காரவும் வேண்டாம்.

அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பாட்காஸ்ட் விளம்பரம் நன்றாக வேரூன்றிய அமெரிக்காவிலேயே, ஒரு விளம்பரத்தை ஆயிரம் பேர் கேட்டால் சுமார் 20 டாலர் என்பதுதான் பரவலான விலை. அந்த விலை உனக்குக் கிடைப்பதாகவே வைத்துக்கொள். 600 பேருக்கு 12 டாலர், ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். தமிழில் அதுவும் கிடைக்காது. இதற்காக நீ தேனீயை விட்டு, நெல், வாழை, ஆடு, கோழி என்று எல்லாவற்றையும் பேசப் போனால், ஏற்கெனவே ஆயிரம் பேர் பேசிக்கொண்டிருக்கும் சந்தையில் ஆயிரத்து ஒன்றாவது குரலாக இருப்பாய்.

உன் 600 பேர் யார் என்று உனக்கே தெரியும். குமரி மாவட்டம் குலசேகரத்தில் 40 பெட்டி வைத்திருப்பவர், திருவட்டாறில் ஒரு மகளிர் குழு, விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் பேச்சிப்பாறைக்காரர். இவர்களில் பலர் உன் குரலைக் கேட்டபடியே பெட்டியைத் திறக்கிறார்கள். அப்படி நம்பிக் கேட்கும் காது 600 கிடைப்பது சாதாரண விஷயமா? 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியபோது, விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் கேட்டுத்தான் அந்த ரகத்தை அவர்கள் தெரிந்துகொண்டார்கள். கேட்டவர்கள் வயலில் இறங்கி விதைத்ததால் வந்த பெயர் அது.

உனக்கு ஒரு அமெரிக்கக் கதை சொல்லவேண்டும். ரோமன் மார்ஸ் என்பவர் 2010-இல் சான்பிரான்சிஸ்கோவின் கே.ஏ.எல்.டபிள்யூ. வானொலிக்காக, அந்த ஊர்க் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தோடு சேர்ந்து, நாலு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான சிறு நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். பெயர் '99% இன்விசிபிள்'. கட்டடங்களிலும் பொருட்களிலும் நம் கண்ணில் படாத வடிவமைப்புதான் விஷயம். யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும் தலைப்பு. இரவில் தன் படுக்கையறையில் உட்கார்ந்து தயாரித்தார். 2012-இல் கேட்பவர்களிடமே நேராகப் போய், பொதுமக்களிடம் நிதி திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாக 42,000 டாலர் வேண்டும் என்றார். 1,70,000 டாலருக்கு மேல் வந்தது.

பலர் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்கள். எனக்கு அதற்கு அடுத்து நடந்ததுதான் முக்கியம். 2014-இல் அவர் பி.ஆர்.எக்ஸ். என்ற பொது வானொலி அமைப்போடு சேர்ந்து 'ரேடியோடோப்பியா' என்ற கூட்டமைப்பை உருவாக்கினார். தன்னையும் சேர்த்து ஏழு நிகழ்ச்சிகள். ஆளுக்கு ஆள் தனியாக விளம்பரதாரரைத் தேடி, தனியாக நிதி திரட்டிக் களைத்துக்கொண்டிருந்த வேலையை ஒரே இடத்தில் செய்தார்கள். ஒருவரைக் கேட்பவர்களிடம் இன்னொருவரை அறிமுகப்படுத்தினார்கள். அந்த ஆண்டே 21,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 6,20,000 டாலர் கொடுத்தார்கள். பிறகு புதிய நிகழ்ச்சிகளுக்காக ஒரு போட்டி வைத்தபோது 1,500-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அதில் தேர்வானது கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள்ளிருந்து கைதிகள் தயாரித்த 'இயர் ஹஸில்'. 2017-இல் அது வெளிவந்தது. சிறைக்குள் இருக்கும் ஒருவர் உலகத்தோடு பேச வழி கிடைத்தது, ஒரு காலத்தில் படுக்கையறையில் நாலு நிமிடம் பேசிக்கொண்டிருந்தவரும் சேர்ந்து கட்டிய அமைப்பால். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 2021-இல் மார்ஸ் தன் நிகழ்ச்சியை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றார். போகும்போது ரேடியோடோப்பியாவுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே 2014-இல் முதலீட்டாளர் பணத்தோடு தொடங்கிய கிம்லெட் என்ற பாட்காஸ்ட் நிறுவனமும் உண்டு. 2019-இல் ஸ்பாட்டிஃபை அதைச் சுமார் 230 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2023-க்குள் அதைத் தனிப் பிரிவாகக்கூட வைத்திருக்கவில்லை. நல்ல நிகழ்ச்சிகள் பல நின்றன, பலருக்கு வேலை போயிற்று. எண்ணிக்கைக்கு விலை பேசினால், எண்ணிக்கை சலித்த நாளில் விலையும் போய்விடுகிறது.

ஆனால் நீ பார்க்கவேண்டிய முன்மாதிரி இவை இரண்டையும் விடப் பக்கத்தில், உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது. அதை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் அங்கே சொல்லிக்கொடுத்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. முதலில் கற்பித்தல்தான். பெட்டியில் எப்படிக் குடியேற்றுவது, எப்படி அடையை உடைக்காமல் தேன் எடுப்பது என்று. கற்றவர்கள் பெருகியதும் அடுத்த சிக்கல் வந்தது. ஆளுக்கு நாலு போத்தல் தேனை வைத்துக்கொண்டு யாரிடம் போவது? 1937-இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்குப் பின்னால் அத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது.

நான் உனக்குச் சொல்ல நினைப்பது இதுதான். நீ இரண்டு வருடமாகச் செய்தது கற்பித்தல். இனி, உன்னிடம் கற்றவர்கள் தனித்தனியாகச் செய்ய முடியாத ஒரு வேலையைக் கண்டுபிடி. அதை அவர்களுக்காகச் செய்து, அதற்கு வெளிப்படையாகக் கூலி வாங்கு. பாட்காஸ்ட் இலவசமாகவே இருக்கட்டும்.

என்ன வேலை என்று கேட்பாய். உன் வாட்ஸப்பில் இருக்கிறது பதில். போன மாதம் நீ எனக்குக் காட்டிய கேள்விகளை யோசித்துப் பார். எத்தனை பேர் "தேன் புளிச்சுப் போச்சு, மூடியைத் திறந்தா நுரை வருது" என்று அனுப்பியிருந்தார்கள்! அது அவர்கள் கைப்பிழை இல்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பின் நுனியில் சுரப்பதைத்தான் நம் தேனீ எடுக்கிறது. இந்தியத் தேனீ சேர்க்கும் அந்தத் தேனில் ஈரப்பதம் அதிகம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி 20 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். நம் பக்கத்துத் தேன் பல நேரம் அதைத் தாண்டிவிடும். அவசரப்பட்டு, தேனீ இன்னும் மெழுகால் மூடாத அடையில் எடுத்தால் இன்னும் மோசம். ஈரப்பதத்தைப் பார்க்க உள்ளங்கையில் அடங்கும் ரிஃப்ராக்டோமீட்டர் போதும். ஆனால் பத்துப் பெட்டி வைத்திருக்கும் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பதற்காக அதை வாங்கமாட்டார். ஈரப்பதத்தைக் குறைக்கும் இயந்திரத்தை நினைத்தே பார்க்கமாட்டார்.

அங்கேதான் உன் தொழில் இருக்கிறது. தேன் எடுக்கும் மாதங்களில் உன் வீட்டுத் திண்ணையில் ஒரு சோதனை மேசை. ஈரப்பதம் பார்த்து, வடிகட்டி, தேவைப்பட்டால் பதப்படுத்தி, போத்தலில் அடைத்து, யாருடைய தேன், எந்த மாதம் எடுத்தது என்று லேபிள் ஒட்டிக் கொடுப்பது. 15 பேர், ஆளுக்கு 20 பெட்டி, பெட்டிக்கு 10 கிலோ என்று வை. 3,000 கிலோ. கிலோவுக்கு 20 ரூபாய் சேவைக் கட்டணம் என்றாலும் 60,000 ரூபாய். செலவு போகப் பெரிய பணம் கையில் நிற்காது, தெரியும். ஆனால் அது 15 பேரோடு வரும் பணம். அவர்கள் தேனும் நல்ல விலைக்குப் போகும். 2020 டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்தபோது, கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனையில் மூன்றுதான் தேறின. அதற்குப் பிறகு தேன் வாங்குகிறவர் "இது யார் எடுத்தது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பெயரும் குரலுமாகப் பதில் சொல்ல உன்னால் முடியும். அந்தத் தேனை எடுத்தவரே உன் எபிசோடில் பேசியிருப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவர்களிடம் தேனை மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரியாக இப்போதைக்கு ஆகாதே. அப்படி ஆகிவிட்டால், உடனே தராசின் எதிர்ப்பக்கம் போய்விடுவாய். அவர்களுக்கு விலை ஏறவேண்டும், உனக்கு இறங்கவேண்டும். அப்புறம் "இந்த வாரம் எடுக்காதீர்கள், அடை மூடும்வரை பொறுங்கள்" என்று நீ மைக்கில் சொன்னால்கூட, எதற்காகச் சொல்கிறாள் என்று யோசிப்பார்கள்.

இதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. கறவை மாடு வளர்ப்பவர்களுக்காக நான் நடத்திய பாட்காஸ்ட் நினைவிருக்கிறதா? ஒரு தீவன நிறுவனம் மூன்று மாதத்துக்குப் பணம் தந்தது. நானும் நல்ல தீவனம் என்றே நம்பிச் சொன்னேன். ஒருநாள் கேட்பவர் ஒருவர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "அண்ணே, நீங்க சொன்னீங்கன்னு கடன் சொல்லி ஆறு மூட்டை வாங்கினேன். பால் கூடல. வேற ஏதாவது செய்யணுமா?" என்று என்னிடமே யோசனை கேட்டார். எனக்குப் பதில் இல்லை. நான் அதை ஒரு மாட்டுக்குக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் எட்டு எபிசோடுதான் செய்தேன். பேச வாய் வரவில்லை.

ஆகவே நீ கையால் தொட்டுப் பார்க்காத எதையும் மைக்கில் விற்காதே. நோய் பற்றிய கேள்விக்கு ஒருநாளும் காசு வாங்காதே. 1991-இல் தொடங்கிய, தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவின் கூடுகளில் பெரும்பகுதியை அழித்த கதையை உன் அப்பாவே ஒன்பதாவது எபிசோடில் சொன்னார். 60 பெட்டியில் நாலு மிஞ்சியது என்றபோது அவர் குரல் நின்றுபோனதை நீ வெட்டாமல் விட்டாய். உன்னை நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று எனக்கே மூன்று பேர் சொன்னார்கள். புழு படகுபோல வளைந்து தலைதூக்கிக் கிடக்கும் படத்தை ஒருவர் அனுப்பினால், அன்றைக்கே பதில் போகவேண்டும்.

சில்லறை விஷயங்கள் சில. தேனீ வேலை வருடத்துக்கு வருடம் திரும்பி வருவது. கூடு பிரிக்கும் பருவத்துக்காக நீ பேசிய எபிசோடை அடுத்த வருடம் அதே பருவத்தில் புதிதாக ஒருவர் தேடுவார். 74 எபிசோடையும் மாதவாரியாக அடுக்கி வை. எபிசோடுகளை எல்லாச் செயலிகளுக்கும் கொண்டுபோகும் ஆர்.எஸ்.எஸ். ஓடை (ஃபீட்) உன் பெயரிலேயே இருக்கட்டும். கேட்பவர்களின் எண்களைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் எழுது. கூகுள் பாட்காஸ்ட் செயலி 2024-இல் மூடப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பாதிக் கூட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. இப்போது பார்க்கும் வேலையை உடனே விடாதே, இரண்டு தேன் பருவம் பார்.

அப்புறம், அந்த மகளிர் குழு. தையல் கூலி, ஆடு வளர்ப்பு என்று தங்கள் அனுபவத்தையும் இப்படிப் பேசவேண்டும், எப்படிப் பதிவு செய்வது என்று உன்னிடம் கேட்டார்களே, அதைத் தள்ளிப்போடாதே. ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடு. என்னிடம் பழைய ரெக்கார்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அவர்களுக்கு அது போதும்.

தை பிறந்ததும் வருகிறேன். ரப்பர் துளிர்ப்பதற்குள் சோதனை மேசை தயாராக இருக்கவேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் நான் வாங்கி வருகிறேன், காசை முதல் பருவம் முடிந்து கொடு. அதுவரை நீ ஒரு வேலை செய்: வாட்ஸப்பில் இதுவரை வந்த கேள்வி எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வை. 75-ஆவது எபிசோடில், இப்படி ஒரு மேசை போட்டால் வருவீர்களா, கிலோவுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று அவர்களிடமே கேள். அப்பாவிடம் சொல், இந்த முறை பெட்டி திறக்கும்போது நானும் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அன்புடன்,
அண்ணன்