குதிரையை இறக்கப் பழகு

சோல்டாட்னா, அலாஸ்கா
அக்டோபர் 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பச்சை அட்டை கிடைத்துவிட்டது என்ற வரியைப் படித்ததும் அடுப்படியில் இருந்த மல்லிகாவைக் கூப்பிட்டு உரக்க வாசித்தேன். அன்று இரவு பாயசம்தான். பாளையங்கோட்டை விடுதியில் ஒரே கொசுவலைக்குள் கிடந்த நாம், இனி மூன்று மணி நேரக் கார்ப் பயண தூரத்தில் இருக்கப்போகிறோம். ஆங்கரேஜில் உனக்கு வேலை கிடைத்ததை நினைக்க நினைக்க மனம் நிறைகிறது. அம்மாவின் முழங்கால் தேறிவிட்டதா? நடக்கத் தொடங்கிவிட்டார்களா? அதை எழுதாமல் துப்பாக்கியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்!

சரி, அதற்கே வருகிறேன். கரடி நடமாடும் காட்டில் இடுப்பளவு புதரில் நடக்கவும், மூஸ் என்ற பெரிய காட்டுமான் வேட்டைக்குப் போகவும் ஒரே துப்பாக்கி வேண்டும், அது பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) லீவர் ரைஃபிளாக, அதாவது விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியாக, இருக்க வேண்டும், ஹூஸ்டனிலேயே வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறாய். வாங்காதே. இங்கே வந்து என்னுடையதையும் பக்கத்து வீட்டுப் பெரியவருடையதையும் கையில் எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன மாதம் நடந்த ஒன்றைக் கேள்.

2019இல் ஸ்வான் லேக் என்று பெயரிட்ட காட்டுத்தீ இந்தத் தீபகற்பத்தில் 1.6 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. எரிந்த இடமெல்லாம் இப்போது வில்லோ இளந்தளிர். அதைத் தின்ன மூஸ் வரும். செப்டம்பர் நடுவில் நானும் பெரியவரும் அங்கே போனோம். அவர் தம்முடைய பழைய .30-06 துப்பாக்கியால் ஒரு காளையை வீழ்த்தினார். அறுபது அடி தூரம், ஒரே குண்டு. இந்த மாநிலத்தில் மூஸின் இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது குற்றம். தின்னத்தக்கது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். முதலில் இறைச்சிப் பைகளைக் குடல் கிடந்த இடத்திலிருந்து நூறு அடி தள்ளி, பார்வையில் படும்படி வைத்தோம். இது பெரியவர் சொல்லிக்கொடுத்த பாடம். குடலைத் தேடித்தான் கரடி முதலில் வரும்.

மூன்றாவது நடைக்குத் திரும்பி வந்தபோது, அதுவரை ஓயாமல் கத்திக்கொண்டிருந்த அண்டங்காக்கைகள் மரத்தில் ஏறி வாயடைத்து உட்கார்ந்திருந்தன. பெரியவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். குடலின் மேல் ஒரு பழுப்புக் கரடி நின்றது. நாற்பது அடிகூட இருக்காது. தலையைத் தாழ்த்தி, 'ஹூஃப்' என்று மூச்சை வெளியே தள்ளியது; பிறகு தாடைகளை அடித்தது. அந்தச் சத்தம் இரண்டு தேங்காய் ஓடுகளை மோதுவதுபோல இருந்தது. என் கட்டைவிரல் தானாகவே துப்பாக்கியின் குதிரையைப் பின்னால் இழுத்துவிட்டிருந்தது. நம் ஊர் நாட்டுத்துப்பாக்கிக்காரர்கள் குதிரை என்பார்களே, அதே குதிரைதான்: விசையை அழுத்தியதும் முன்னால் பாய்ந்து அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல். பெரியவர் அடங்கிய குரலில் கரடியோடு பேசிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார். நானும் அப்படியே. கரடி எங்களைவிடக் குடலையே விரும்பியது. நாங்கள் பைகள் இருந்த பக்கம் சுற்றிக்கொண்டு போய்விட்டோம்.

சுடவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. குழலில் வெடிக்கத் தயாரான தோட்டா, குதிரை முழுக்கப் பின்னால், என் விரல்களில் மூஸின் கொழுப்பும் மழைத்தண்ணீரும். அந்தக் குதிரையை விரலால் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, மெல்ல இறக்கிப் பாதிப் படியில் நிறுத்த வேண்டும். வழுக்கினால் வெடிக்கும். குழலைத் தரையை நோக்கி வைத்து, கையைச் சட்டையில் மூன்று முறை துடைத்த பிறகு இறக்கினேன். சேகர், கடையில் துப்பாக்கி வாங்கும்போது எவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை அங்குலம், எத்தனை கிரெயின் (குண்டின் எடை) என்றுதான் பேச்சு. நீ இந்தத் துப்பாக்கியைப் பத்து வருடம் சுமக்கலாம். கரடியின் மேல் ஒரு தடவைகூடச் சுடாமல் இருக்கலாம். அப்படியே அமையட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் குதிரையை நூறு தடவை இறக்குவாய். குளிர்ந்த, நனைந்த, நடுங்குகிற கைக்கு எது அடங்குமோ அதைத்தான் நீ தேட வேண்டும்.

இனி நீ கேட்ட பெயர்கள். .45-70 தோட்டாவைத் தேர்ந்தெடு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது. 45 என்பது குண்டின் விட்டம், 70 என்பது அக்காலக் கருமருந்தின் அளவு. அதன் பழைய ராணுவக் குண்டு 405 கிரெயின், அதாவது 26 கிராம். நம் கணக்கில் மூன்றேகால் பவுன் ஈயம். .444 மார்லின் 1964இல் வந்தது, .450 மார்லின் 2000இல் வந்தது. இரண்டும் வலுவான தோட்டாக்கள்தான், ஆனால் சிற்றூர்க் கடைகளில் அவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும். .30-30 போதும் என்று உன் கடைக்காரர் சொன்னது மான்களுக்கும் கருங்கரடிக்கும் சரி. இங்கே உலவும் பழுப்புக் கரடிக்கு நான் அதை நம்பிப் போகமாட்டேன்.

இந்த ஊர்ப் பக்கம் நடந்த ஒரு சேதியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கூப்பர் லேண்டிங் இருக்கிறது. அங்கே ஹரால்ட் ஜான்சன் என்ற துப்பாக்கிக் கம்மியர் 1950களில் வின்செஸ்டர் 71 மாடல் லீவர் ரைஃபிளின் .348 தோட்டாவின் வெளிக்கூட்டை அகலப்படுத்தி, அதில் .45 குண்டைப் பொருத்தி, .450 அலாஸ்கன் என்று ஒன்றை உருவாக்கினார். தொழிற்சாலை தராததை இந்த ஆற்றங்கரையில் ஒரு மனிதர் கையாலேயே செய்துகொண்டார். கடைசலும் அரமுமாக அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். இன்றைய .45-70 தோட்டாக்களின் வலுவான வகை அவர் தேடியதற்கு அருகில் வந்துவிட்டது. அதனால் நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

ஆனால் 'வலுவான வகை' என்பதில் கவனம் வேண்டும். பெட்டியில் .45-70 என்று ஒரே பெயர்தான் இருக்கும். 1873 காலத்துத் துப்பாக்கிகள் தாங்கும் மென்மையான தோட்டாவும் அந்தப் பெயரில்தான் வரும்; புதிய லீவர் ரைஃபிள்கள் மட்டுமே தாங்கும் அழுத்தமான தோட்டாவும் அந்தப் பெயரில்தான் வரும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள எச்சரிக்கையைப் படிக்காமல் வாங்காதே. கரடிக்கு வேண்டியது விரிந்து சிதறும் குண்டு அல்ல. தோள் எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே ஆழமாகப் போகும் குண்டு வேண்டும்: கடினமான ஈயக் கலவையில் வார்த்த, தட்டை மூக்குள்ள, 400 கிரெயினுக்கு மேற்பட்ட குண்டு. தட்டை மூக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்மையான உலோக மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் உள்ள, அடித்தால் தீப்பற்றும் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருந்தால், உதையின் வேகத்தில் அது வெடித்துவிடக்கூடும். மூஸ் வேட்டைக்கு ஹார்னடி நிறுவனம் 325 கிரெயினில் ரப்பர்போல மெத்தென்ற நுனி வைத்துச் செய்யும் குண்டு நன்றாக இருக்கிறது. கூர்மையும் கிடைக்கிறது, ஆபத்தும் இல்லை. ஆயினும் இருநூறு கஜத்துக்கு அப்பால் எந்த .45-70 குண்டையும் நம்பாதே. நூறு கஜத்துக்குக் குறி வைத்துச் சரிசெய்த துப்பாக்கியில் கனமான குண்டு இருநூறில் ஒரு சாணுக்கும் மேல் தாழ்ந்துவிடும். நெருங்கிப் போய்ச் சுடுபவர்களின் துப்பாக்கி இது.

மார்லின் நிறுவனத்தின் துப்பாக்கியா, ஹென்றி நிறுவனத்தினுடையதா? என்னிடம் இருப்பது மார்லின் 1895. ரூகர் நிறுவனம் மார்லினை 2020இல் வாங்கி, 2021 டிசம்பரில் தன் முதல் 1895ஐ வெளியே அனுப்பியது. நான் வாங்கியது அதற்குப் பிறகு வந்த ஒன்று. துருப்பிடிக்காத எஃகு, 19 அங்குலக் குழல், 3.3 கிலோ எடை, குழாயில் ஆறு தோட்டா. லீவரின் வளையம் பெரிது. கையுறையோடு விரல்கள் உள்ளே போகும். இங்கே மழை நிற்காது, ஆகவே எஃகு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதே. பெரியவரின் மருமகனிடம் ஹென்றி இருக்கிறது. அதில் விசையை அழுத்தினால் மட்டுமே குதிரையின் அடி உள்ளே போய்ச் சேரும்படி ஓர் இடைத்தடை இருக்கிறது. குதிரையை இறக்கும் விஷயத்தில் மனத்துக்கு அது பெரிய ஆறுதல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கை மார்லினுக்குப் பழகிவிட்டது. உன் கை எதற்குப் பழகும் என்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்? பழைய துப்பாக்கியாக வாங்க நேர்ந்தால் பார்வைக் குறிகள் நேராக இருக்கின்றனவா, ஆணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார். போன வருடம் ஒரு கடையில் நான் கையில் எடுத்த ஒன்றின் முன்குறி கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருந்தது.

உதையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அழுத்தமான தோட்டாவில் .30-06இன் உதையைப்போல இரு மடங்குக்குக் குறையாது. முதல் நாள் ஆறு சுட்டேன். மறுநாள் கார்க் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை உயர்த்த முடியவில்லை. ஆகவே பயிற்சியை மென்மையான தோட்டாவில் வைத்துக்கொள். பெரியவர் என்னை ஒரு ஜல்லிக் குழிக்குக் கூட்டிப்போனார். பழைய டயரின் நடுவில் அட்டையைச் செருகி, சரிவிலிருந்து என்னை நோக்கி உருட்டிவிட்டு, தாம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். முதல் குண்டு அட்டைக்கு மேலே போயிற்று. பதறி லீவரை முழுக்கத் தள்ளாமல் பாதியிலேயே இழுத்துவிட்டேன். காலி ஓடு வெளியே பறந்தது. புதிய தோட்டா ஏறவில்லை. விசையை அழுத்தினேன், 'டிக்'. டயர் என் காலடியில் வந்து விழுந்தது. கரடி மணிக்கு 56 கிலோமீட்டர் ஓடும். நாற்பது அடியைக் கடக்க அதற்கு ஒரு விநாடி போதும். அன்றுமுதல் போலித் தோட்டாக்களை வைத்துக்கொண்டு தினமும் இரவில் இருபது தடவை லீவரை இயக்குகிறேன். கடைசிவரை தள்ள வேண்டும், கடைசிவரை இழுக்க வேண்டும். மல்லிகாவுக்கு அந்தச் சத்தம் இப்போது சுவர்க்கடிகாரச் சத்தம்போலப் பழகிவிட்டது.

லீவர் ரைஃபிள்தான் வேண்டுமென்ற பிடிவாதமும் தேவையில்லை. அமெரிக்க வனத்துறை அலாஸ்காவுக்காக ஒரு சோதனை செய்து 1983இல் அறிக்கை வெளியிட்டது. கரடிக்கு எதிராக நெருக்கத்தில் எந்தக் குண்டு எப்படி வேலை செய்யும் என்பதற்கான சோதனை. .375, .458 போன்ற பெரியவற்றோடு, 220 கிரெயின் குண்டு போட்ட சாதாரண .30-06ம் அதில் நல்ல பெயர் வாங்கியது. பெரியவர் நாற்பது வருடமாக அதைத்தான் சுமக்கிறார். எனக்கு லீவர் பிடித்திருப்பது வேறு காரணத்தால்: புதரில் மாட்டாத குட்டை, தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றும் வசதி, சுட்ட கையோடு பக்கவாட்டு வாயில் வழியாக ஒவ்வொன்றாக நிரப்பிக்கொள்ளும் வசதி.

துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் கரடி ஸ்பிரே (கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய்க்காரம்) வாங்கு. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித்தும் ஸ்டீஃபன் ஹெரேரோவும் மற்றவர்களும் அலாஸ்கா சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் எழுதியதில், ஸ்பிரே அடித்தபோது பழுப்புக் கரடிகளில் 92 சதவீதம் செய்துகொண்டிருந்ததை நிறுத்தின. அந்தக் கரடி செத்துப்போவதும் இல்லை. ஜூலையில் மீன் பிடிக்கப் போகும்போது என் இடுப்பில் ஸ்பிரே மட்டும்தான். விமானத்தில் அதை ஏற்ற விடமாட்டார்கள், இங்கே வந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

உயிரைக் காக்க ஒரு கரடியைச் சுட நேர்ந்தால் வேலை அங்கே முடியாது. நகங்களோடு தோலை உரித்து, மண்டை ஓட்டையும் எடுத்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 15 நாளுக்குள் அறிக்கை எழுதித் தர வேண்டும். அது நீ ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. வேட்டை விஷயத்தில், முதல் 12 மாதம் நீ இந்த மாநிலவாசி ஆகமாட்டாய். அதுவரை உரிமக் கட்டணமும் அதிகம், பழுப்புக் கரடி வேட்டைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம். அந்த ஒரு வருடத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள். வேட்டைக் கல்வி வகுப்பில் சேர். அடுத்த செப்டம்பரில் எங்களோடு வந்து இறைச்சி சுமந்து பார். மூஸின் ஒரு பின்னந்தொடை முதுகில் ஏறியதும் உனக்குப் பல விஷயங்கள் விளங்கும்.

இவ்வளவு சொல்லியும் ஹூஸ்டனில் வாங்கிவிட்டாய் என்றால் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் காரிலேயே அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக வருவதாக எழுதியிருக்கிறாயே, நடுவில் கனடா இருக்கிறது. லீவர் ரைஃபிளை அறிவித்துவிட்டுக் கொண்டுபோக அனுமதி உண்டு, கைத்துப்பாக்கி கூடாது. படிவத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள், கையெழுத்தை மட்டும் எல்லையில் அதிகாரியின் முன்னால் போடு. அதற்குக் கட்டணம் உண்டு. தோட்டாக்களைத் தனியாக வை.

அம்மாவிடம் கேட்டு எள்ளுப்பொடி கொஞ்சம் வாங்கி வா. பெரியவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. வறுத்த மூஸ் இறைச்சியின் மேல் தூவிச் சாப்பிடுகிறார், போன முறை நீ அனுப்பியது தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
இளங்கோ