அக்காவுக்குச் சொல்லியாச்சா?

அன்பு மகன் செல்வத்துக்கு அம்மா எழுதுவது.

கிரகப்பிரவேசப் பத்திரிகை போனில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பெரிதாக்கிக் காட்டினாள். அப்பா பெயரை மேலே போட்டிருக்கிறாய், சந்தோஷம். தாம்பரத்தில் சொந்த வீடு என்றால் சின்ன விஷயமா? பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்தாச்சு, அடுத்து உன் தாய்மாமனுக்கு. அப்புறம் யார் என்று உனக்கே தெரியும். அக்காவுக்குச் சொல்லியாச்சா? குரூப்பில் போட்டிருக்கிறேன் என்று சொல்லாதே. அதை அழைப்பு என்று நம் பக்கத்தில் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீயும் உன் வீட்டுக்காரியும் அவள் வாசல் ஏறணும். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், மஞ்சள், குங்குமம் வைத்துக் கொடுத்து, "அக்கா, அத்தானையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிடு, நீதான் பால் காய்ச்சணும்" என்று வாயால் சொல்லணும். உன் மாமியார் வீட்டார் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், புது அடுப்பைப் பற்றவைப்பது நம் வீட்டில் கூடப்பிறந்தவள்தான்.

1991இல் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது உன் அத்தைக்கும் அப்பாவுக்கும் பேச்சே கிடையாது. அப்பா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். விடிவதற்கு முன்னால் புதுப் பானையும் குத்துவிளக்குமாக அத்தை வந்து இறங்கினாள். பால் பொங்கி வழிந்ததும் முதல் டம்ளரை அப்பா கையில்தான் கொடுத்தாள்.

கிணற்று மேட்டு விஷயத்தை நான் பேச வரவில்லை. அது உங்களுக்குள். அக்காவுக்கு மட்டும் சொல்லிவிடு. நல்லதுக்கு அழைத்தால் போகணும், கெட்டதுக்கு அழைக்காமலே போகணும் என்பார்கள். எனக்கு ஒன்று என்றால் யாரும் கூப்பிடாமலே அவள் ஓடி வருவாள். நீயும் ராத்திரியோடு ராத்திரியாக வருவாய். அன்றைக்குத்தானா நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கணும்?

முட்டி வலி பரவாயில்லை, மாத்திரை போடுகிறேன். தேங்காய் பறித்து வைத்திருக்கிறேன்.

அறந்தாங்கிக்கு, அக்கா வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை போ. அத்தான் கடைக்கு லீவு, இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். பூவை இங்கிருந்து வாங்கிப் போகாதே, வாடிவிடும். அங்கே பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்கும். அக்காவுக்குச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அம்மா